மாமாவின் தந்தியும் ரஷ்ஷின் இருபது மாத்திரையும்

1998-ல் வேலூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது அறைத்தோழன் ஒருவன் கொடுத்த கேசட்டில்தான் ரஷ் என்ற ராக் இசைக்குழு எனக்கு அறிமுகம். கனடாக்காரர்கள், மூன்றே பேர். கெடி லீ பாஸ் வாசித்தபடியே பாடுவார், நடுவில் சிந்தசைசரையும் கவனித்துக்கொள்வார். அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார். நீல் பியர்ட் டிரம்ஸ், பெரும்பாலான பாட்டுகளை எழுதியதும் அவரே. இத்தனை வருஷம் கேட்டும் எனக்குத் தலையாட்ட மட்டும்தான் வரும், தாளத்தைக் கையால் போட வராது. இந்த மார்ச்சில் கற்றே தீர்வது என்று உட்கார்ந்தேன். வாத்தியம் கிடையாது. சாப்பாட்டு மேஜையும் விரல்களும்தான்.

எடுத்துக்கொண்டது 1981-ல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தின் 'ஒய்ஒய்இசட்'. குரலே இல்லாத வாத்திய இசை. பெயர் டொரோன்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த மூன்று எழுத்தையும் மோர்ஸில், அதாவது எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் தந்தி முறையில், அடித்தால் வரும் ஓசைதான் தொடக்கத் தாளம்.

முதல் இரண்டு வாரம் வீண். அந்தத் தாளம் ஒரு சுற்றுக்கு இருபது மாத்திரை (தாளத்தின் சின்ன அலகு) என்பதால் ஒன்று முதல் இருபது வரை எண்ணிக்கொண்டே தட்டினேன். பதினொன்றைத் தாண்டுவதற்குள் விரல் ஒரு பக்கம், எண்ணிக்கை ஒரு பக்கம்.

அப்போதுதான் சத்துவாச்சாரியில் மாமா வீட்டுக்குப் போனேன். காட்பாடியில் தந்தி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது, அவர் காது மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எதுவும் சொல்லாமல் போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒய்யி ரெண்டு தடவ அடிக்கிறான்டா. அப்பறம் இசட்டு. ஆனா கோடு குட்டையா இருக்கே?"

சரியாகச் சொன்னார். மோர்ஸில் ஒரு கோடு மூன்று புள்ளி நீளம். ரஷ் அதை இரண்டாக்கி, எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் எடுத்துவிட்டார்கள். "நீங்க எப்படி மாமா இவ்வளவு வேகத்துல எண்ணுவீங்க?" என்றேன். "எவன்டா எண்ணுனான்? எழுத்து ஒரு சொல்லு மாதிரி காதுல விழும்" என்றார்.

அன்று ராத்திரியே எண்ணுவதை விட்டுவிட்டு, தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டுக்கு மாறினேன். ஒய் என்பது கோடு, புள்ளி, கோடு, கோடு. அதாவது 2, 1, 2, 2. தகிட தகதிமி! நம்ம கர்நாடக இசையின் ஏழு கணக்கான மிஸ்ரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. த, ட, த, தி நாலு இடத்திலும் விரல் விழ வேண்டும். இசட் 2, 2, 1, 1: தகதிமி தக. ஏழும் ஏழும் ஆறும் இருபது மாத்திரை. தட்டுக்கு நாலு வீதம் ஐந்து தட்டு. மறுநாள் காலை, தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியில் நிமிஷத்துக்கு 60 தட்டு வேகத்தில் பிசகாமல் பத்து சுற்று வந்தது. கண் கலங்கிவிட்டது.

இந்தக் காதோடு பழைய ஆல்பங்களை மறுபடி கேட்கிறேன். 1975-ன் 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' விற்காமல் போனபின், நீளப் பாட்டெல்லாம் வேண்டாம் என்று நெருக்கடி வந்தும், மறு வருஷமே '2112'-ல் ஒரு பக்கம் முழுக்க இருபது நிமிஷ ஒரே பாட்டைப் போட்ட துணிச்சலுக்கு இன்றும் கை கூப்புவேன். 1978-ன் 'ஹெமிஸ்பியர்ஸ்'தான் அவர்கள் உச்சம் என்று வருஷக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அதில் கணக்கு வெளியே தெரிகிறது. 'மூவிங் பிக்சர்ஸ்'ஸில் கணக்கு உள்ளே போய்விட்டது. 'டாம் சாயர்' பாட்டின் நடுவில் ஏழு கணக்குத் தாளம் ஓடுவது கேட்கிறவனுக்கு உறுத்தவே உறுத்தாது. 2002-ன் 'வேப்பர் டிரெயில்ஸ்' தனி. மகளையும் மனைவியையும் பத்து மாத இடைவெளியில் இழந்தபின் பியர்ட் திரும்ப வந்து வாசித்தது. அதை நான் எண்ணிப் பார்க்கவே மாட்டேன்.

இப்போது 84 வரை கை வருகிறது. கால்தான் சண்டை போடுகிறது. ஐந்து தட்டையும் காலில் போட்டால், ஒன்று, நான்கு, ஐந்தில் கையும் காலும் சேர்ந்து விழும். இரண்டிலும் மூன்றிலும் கை சும்மா இருக்கும்போது கால் தனியாக விழ வேண்டும். அந்த மூன்றாவது தட்டில் தினமும் தடுக்குகிறேன்.

மாமா இப்போது போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் தட்டிக் காட்டச் சொல்கிறார். நேற்று, இசட்டில் ஒரு புள்ளி குறைகிறது என்றார்.