பதினாறு நாள், எத்தனை கோடு?

நவம்பர் 25

பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாள். 1960-ல் இதே தேதியில்தான் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரியை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் கொல்லப்பட்டார்கள். இன்று தொடங்கி டிசம்பர் 10, மனித உரிமை நாள் வரை உலகெங்கும் பதினாறு நாள் பிரச்சாரம் நடக்கும். நான்தான் கை நீட்டுவதே இல்லையே என்று வழக்கம்போல் கடந்துபோயிருப்பேன்.

நேற்று ராத்திரி சார்ஜரைக் காணோம் என்று கத்தி, மேஜையை ஓங்கிக் குத்தினேன். எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலைப் பெட்டியில் வைத்து, 'டக்' சத்தம் வராமல் கட்டைவிரலால் அழுத்தி மூடினாள். எட்டு வயதுதான். எப்போது பழகினாளோ இதை. சார்ஜர் என் பையிலேயே இருந்தது.

இனி குரல் உயரும் ஒவ்வொரு தடவையும் இங்கே ஒரு கோடு.

நவம்பர் 27

மூன்று கோடு. மேலதிகாரி எவ்வளவு திட்டினாலும் நான் கத்தியதில்லை. ஆக, கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது என்பதெல்லாம் சும்மா. ஆள் பார்த்துத்தான் வருகிறது.

டிசம்பர் 1

நேற்றும் இன்றும் கோடே இல்லை! பெருமையாக மனைவியிடம் காட்டினேன்.

"ரெண்டு நாளா நீங்க வாயே திறக்கலையே. அதுக்குக் கோடு கிடையாதா?"

முந்தாநாள் அவள் சம்பளத்தை எதில் போடுவது என்று என்னைக் கேட்காமல் முடிவெடுத்தாள். அதிலிருந்து நான் உர்ரென்று இருந்தது வாஸ்தவம். பேனாவை வாங்கி அவளே இரண்டு கோடு போட்டாள். அழுத்தமாக.

டிசம்பர் 6

1989-ல் இதே நாளில் மான்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் ஒருவன் 14 பெண்களைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு, 1991-ல், கனடாவில் சில ஆண்கள் வெள்ளை ரிப்பன் இயக்கத்தைத் தொடங்கினார்கள். வன்முறை செய்யமாட்டேன், ஆதரிக்கமாட்டேன், கண்டும் சும்மா இருக்கமாட்டேன் என்பது உறுதிமொழி. மூன்றாவதில்தான் எனக்கு உதறல்.

நண்பர்கள் வாட்ஸப் குரூப்பில் பெண்டாட்டியை அடிக்கிற ஜோக் ஒன்று வந்தது. மூன்று தடவை எழுதி அழித்துவிட்டு, "இதுல சிரிக்க என்னடா இருக்கு" என்று மட்டும் போட்டேன். "வீட்டுல அடி பலமோ?" என்றான் ஒருவன். மற்றவர்கள் கப்சிப். அப்புறம் ஒருத்தன் மட்டும் தனியாக அனுப்பியிருந்தான்: "நாளைக்குக் கூப்பிடவா? கொஞ்சம் பேசணும்."

டிசம்பர் 10

சாவி தேடும்போது குரல் ஏறிவிட்டது. மகள் தலை தூக்காமலே, "அப்பா, கோடு" என்றாள். பென்சில் பெட்டி திறந்தே கிடந்தது.