தள்ளு, இழு: தடைக்காலத்தில் ஹில்பர்ட் வெளி படித்தேன்

ஏப்ரல் 15 பிறந்ததும் மீன்பிடித் தடை தொடங்கி, பாம்பனில் விசைப்படகுகள் நங்கூரம் போட்டு வரிசையாக நின்றுவிடும். நாட்டுப்படகும் வல்லமும் மட்டும் போய்வரும். நான் கணக்கு எழுதுகிற ஐஸ் கம்பெனியில் சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் பேரேட்டை மூடி வைத்துவிடலாம். ஜூன் 14 வரை 61 நாள். இந்த வருஷம் அத்தனை சாயங்காலத்தையும் ஒரே விஷயத்துக்குக் கொடுத்தேன்: முடிவிலாப் பரிமாண ஹில்பர்ட் வெளியில் ஆபரேட்டர்களின் டோபாலஜி, அதாவது ஓர் ஆபரேட்டர் இன்னொன்றை நெருங்குகிறது என்று எப்போது சொல்லலாம் என்கிற கணக்கு.

நான் பி.எஸ்சி. கணிதத்தோடு நின்றவன். ஆசை மட்டும் நிற்கவில்லை. அக்கா மகள் காரைக்குடியில் எம்.எஸ்சி. படிக்கிறாள், சந்தேகம் வந்தால் அவளுக்குத்தான் போன். பழைய லேப்டாப், பைத்தான், 200 பக்க நோட்டு ஒன்று. இவ்வளவுதான் கையிருப்பு.

ஹில்பர்ட் வெளி என்றதும் பயப்பட வேண்டாம். கடைசிப் பக்கமே இல்லாத ஒரு பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண். எல்லா எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் கூட்டுத்தொகை ஓர் எல்லைக்குள் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம் அந்தப் பேரேட்டின் நீளம். ஆபரேட்டர் என்பது ஒரு பேரேட்டை வாங்கி இன்னொரு பேரேடாக மாற்றித் தருவது. நான் முக்கால்வாசி நாள் இரண்டே ஆபரேட்டர்களோடு கழித்தேன். ஒன்று எல்லா எண்களையும் ஒரு வரி கீழே இறக்கிவிட்டு முதல் வரியில் பூஜ்யம் போடும். அதற்கு நோட்டில் 'தள்ளு' என்று பெயர் வைத்தேன். இன்னொன்று முதல் வரியை அழித்துவிட்டு மற்றதையெல்லாம் ஒரு வரி மேலே ஏற்றும். அது 'இழு'.

தள்ளிவிட்டு இழுத்தால் பழைய பேரேடு அப்படியே திரும்பி வருகிறது. இழுத்துவிட்டுத் தள்ளினால் முதல் வரி போனது போனதுதான். சதுர அணிகளில் இது நடக்காது. அங்கே ஒரு பக்கம் நேர்மாறாக இருப்பது மறுபக்கமும் நேர்மாறுதான். கல்லூரியில் அதைத் தேற்றமாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வரிகள் எண்ணி முடிகிறவை என்பதில்தான் அந்தத் தேற்றத்தின் உயிர் இருக்கிறது என்பது முதல் வாரம்தான் உறைத்தது.

அப்புறம் இழுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பார்த்தேன். முதல் பேரேடு: 1, 1/2, 1/4, 1/8 என்று பாதி பாதியாக. நீளம் 1.1547. ஒவ்வொரு இழுப்புக்கும் நீளம் சரிபாதியாகிறது, 10 இழுப்பில் 0.0011. இரண்டாவது பேரேடு: 1, 1/2, 1/3, 1/4 என்று. நீளம் 1.2825. ஓர் இழுப்பில் 0.8031 ஆனது. 10 இழுப்பில் 0.3085. 100 இழுப்பில் 0.0998. 1000 இழுத்த பிறகும் 0.0316. மெதுவாகத்தான், ஆனால் பூஜ்யத்தை நோக்கித்தான் போகிறது. மூன்றாவது பேரேட்டில் 1001-வது வரியில் மட்டும் 1, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். 1000 தடவை இழுத்தேன், நீளம் 1 குறையவே இல்லை. அடுத்த இழுப்பில் மொத்தமும் காலி.

இதை நான் பாக்கிக் கணக்காகத்தான் புரிந்துகொண்டேன். எங்களிடம் ஐஸ் எடுக்கிற ஒவ்வொரு படகுக்காரரும் ஒருநாள் பாக்கியைத் தீர்த்துவிடுவார். ஆனால் படகுகளுக்கு முடிவே இல்லை என்றால், எல்லோரும் தீர்த்து முடித்திருப்பார்கள் என்று ஒரு தேதியைக் குறிக்க முடியாது. தனித்தனியாக ஒவ்வொருவரும் தீர்ப்பது வலுவான டோபாலஜியில் ஒருங்குவது, அதாவது இலக்கை நெருங்குவது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கெடு இருந்தால் அது நார்ம் டோபாலஜியில் ஒருங்குவது. 'இழு'வை மேலும் மேலும் செய்தால் வலுவான கணக்கில் பூஜ்யத்துக்குப் போகிறது, நார்ம் கணக்கில் போவதில்லை. அதன் நார்ம், அதாவது நீளம் 1 உள்ள பேரேட்டை அது அதிகபட்சம் எவ்வளவு நீளமாக்கித் தரும் என்ற அளவு, எத்தனை இழுப்புக்குப் பிறகும் 1தான்.

'தள்ளு' இன்னும் நுட்பமானது. எத்தனை தடவை தள்ளினாலும் நீளம் மாறாது. ஆகவே வலுவான கணக்கிலும் அது பூஜ்யத்துக்குப் போகாது. ஆனால் ஒரு பேரேட்டை நிலையாக வைத்துக்கொண்டு, தள்ளிய பேரேட்டோடு வரிக்கு வரி பெருக்கிக் கூட்டினால் விடை சிறுத்துக்கொண்டே போகிறது. பாதி பாதிப் பேரேட்டைத் தள்ளி, தள்ளாத அதே பேரேட்டோடு பெருக்கிப் பார்த்தேன். தொடக்கத்தில் 1.3333. 10 தள்ளலில் 0.0013. ரோட்டுப் பாலத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு கீழே ரயில் பாலத்தைப் பார்க்கிறவருக்கு இது தெரிந்த காட்சி. ராமேஸ்வரம் வண்டி கடந்து போன பிறகு கண்ணுக்கு நேரே வெறும் தண்டவாளம். வண்டியில் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. இதுதான் நலிந்த டோபாலஜி.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். 'இழு' பூஜ்யத்துக்குப் போகிறது, 'தள்ளு' பூஜ்யத்துக்குப் போகிறது, ஆகவே இரண்டின் பெருக்கலும் பூஜ்யத்துக்குப் போகும் என்று நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். ராத்திரி போன் வந்தது.

"மாமா, நூறு தடவை தள்ளிட்டு நூறு தடவை இழுத்தா என்ன வரும்?"

"பழைய பேரேடே வரும்."

"அப்ப அது எப்படி மாமா பூஜ்யத்துக்குப் போகும்? ரெண்டும் எந்த டோபாலஜியில பூஜ்யத்துக்குப் போகுதுன்னு பக்கத்துலயே எழுதுங்க."

அன்றிலிருந்து எந்த அம்புக்குறி போட்டாலும் அதன் தலையில் நா, வ, ந என்று ஓர் எழுத்து போடுகிறேன். நார்ம், வலுவான, நலிந்த. பெருக்கலைச் சேர்த்து எடுத்துப் போகிற குணம் நார்முக்கு உண்டு. மற்ற இரண்டிலும் அதை நம்பிக் கை வைக்கக் கூடாது. முடிவுள்ள பரிமாணத்தில் மூன்றும் ஒன்றாகவே இருப்பதால் இந்தக் கேள்வியே அங்கே எழுவதில்லை.

மே மாதம் முழுக்க லேப்டாப்பில். 'தள்ளு'வை 50-க்கு 50 அணியாக வெட்டி ஐகென் மதிப்பு (ஒரு பேரேடு வடிவம் மாறாமல் ஓர் எண்ணால் பெருக்கப்பட்டு மட்டும் வெளியே வந்தால் அந்த எண்) கேட்டால் 50 பூஜ்யம் கொடுக்கிறது. கணக்குப்படி சரி. வலது மேல் மூலையில் ஒரு புள்ளி போல ஆயிரம் கோடியில் ஒரு பங்கை வைத்தேன். 50 மதிப்புகளும் துள்ளி, கலப்பெண் தளத்தில் 0.631 ஆரமுள்ள வட்டத்தில் போய் உட்கார்ந்தன. அணியை 200-க்கு 200 ஆக்கினேன், ஆரம் 0.891. ஆயிரத்துக்கு ஆயிரம், 0.977. மூலையில் வைத்த எண்ணை மாற்றவே இல்லை. அந்த எண்ணின் 1000-ஆவது மூலம்தான் ஆரம் என்று பேப்பரில் போட்டால் இரண்டு வரியில் வந்துவிடுகிறது. ஆனாலும் திரையில் அந்த வளையம் விரிவதைப் பார்த்தது வேறு.

காரணம் தேடியபோது பாதி பாதிப் பேரேடு மறுபடி வந்தது. முழு 'இழு'வுக்கு அது ஐகென் வெக்டர், அதாவது வடிவம் மாறாமல் வெளியே வருகிற பேரேடு, மதிப்பு 1/2. அப்படி 1-க்கு உள்ளே அடங்குகிற ஒவ்வொரு எண்ணுக்கும் 'இழு'வில் ஒரு வெக்டர் இருக்கிறது. 'தள்ளு'வுக்கோ ஐகென் மதிப்பு ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் இரண்டின் ஸ்பெக்ட்ரமும் (எந்த எண் மடங்கு முற்றொருமையைக் கழித்தால் நேர்மாறு இல்லாமல் போகிறதோ அந்த எண்களின் கூட்டம்) 1 ஆரமுள்ள அலகு வட்டத்தட்டு முழுவதும்தான். முற்றொருமை என்பது பேரேட்டை அப்படியே திருப்பித் தருகிற ஆபரேட்டர். வெட்டிய 50 வரி 'இழு'வில் அதே பேரேட்டைப் போட்டுப் பார்த்தேன். 49 வரிகள் அச்சாகப் பொருந்துகின்றன. கடைசி வரியில் மட்டும் பிசகு, அதுவும் தசமப் புள்ளிக்குப் பிறகு 15 பூஜ்யம் தாண்டித்தான் முதல் இலக்கம். அவ்வளவு அருகில் இருந்தும் அணியின் பட்டியலில் 1/2 இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது வளைய ஆபரேட்டர். முதல் வரி இரண்டுக்கு, இரண்டு மூன்றுக்கு, இப்படியே போய் 50-வது வரி மறுபடி முதல் வரிக்கு. 51 முதல் எல்லாம் இருந்த இடத்திலேயே. இது யூனிட்டரி, அதாவது நீளத்தை மாற்றாது, நேர்மாறு உண்டு, எதுவும் தொலையாது. 50-ஐ 500 ஆக்கி, 5000 ஆக்கினால், எந்தப் பேரேட்டைக் கொடுத்தாலும் விடை 'தள்ளு' தரும் விடையை நெருங்குகிறது. அதாவது நேர்மாறு உள்ளவை வரிசையாகப் போய் நேர்மாறு இல்லாத ஒன்றில் முடிகின்றன, வலுவான டோபாலஜியில். நார்மில் இது நடக்கவே நடக்காது. வளையம் எவ்வளவு பெரிதானாலும் அதன் கடைசி வரியில் 1 வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 1.414. பொதுவாகவே, 'தள்ளு'விலிருந்து 1-க்கும் குறைவான தூரத்தில் நேர்மாறு உள்ள ஆபரேட்டர் ஒன்றுகூட இல்லை. இந்த நிரூபணத்தை நானாகவே போட்டேன். அப்படி ஒன்று இருந்தால் அதற்குப் பிறகு 'இழு'வைச் செய்வது முற்றொருமையிலிருந்து 1-க்கும் குறைவான தூரத்தில் இருக்கும், ஆகவே அந்தப் பெருக்கலுக்கு நேர்மாறு உண்டு, அப்படியானால் 'இழு'வுக்கும் நேர்மாறு வர வேண்டும். முதல் வரியை அழிக்கிற ஒன்றுக்கு அது எங்கிருந்து வரும்? மூன்று வரி நிரூபணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் எடுத்தது.

ஜூன் முதல் வாரம் கைப்பரின் தேற்றத்துக்கு வந்தேன். நிகோலாஸ் கைப்பர் 1965-இல் வெளியிட்டது: முடிவிலாப் பரிமாண ஹில்பர்ட் வெளியின் யூனிட்டரி ஆபரேட்டர்கள் எல்லாம் சேர்ந்த கூட்டத்தை, நார்ம் டோபாலஜியிலேயே, ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம். வலுவான டோபாலஜியில் இதை டிக்ஸ்மியேவும் துவாடியும் 1963-இலேயே காட்டியிருந்தார்கள். முடிவுள்ள பரிமாணத்தில் இது பொய். அங்கே யூனிட்டரிகள் வழியாகக் கிளம்பின இடத்துக்கே திரும்புகிற ஒரு பாதையில், அணிக்கோவை அலகு வட்டத்தைச் சுற்றுகிற எண்ணிக்கை எந்தத் தொடர்ச்சியான மாற்றத்துக்கும் அசையாது.

முழு நிரூபணம் எனக்கு இன்னும் வசப்படவில்லை. அப்படித் திரும்பி வருகிற பாதை ஒன்றை, ஒரே ஒரு கண்ணியை, அவிழ்த்துப் பார்த்தேன். முதல் வரியைப் பெருக்குகிற எண் மட்டும் அலகு வட்டத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது, மற்றவை சும்மா நிற்கின்றன. சும்மா நிற்கிற வரிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை எதிர்ச்சுற்றாகவும் மற்றதைச் சுற்றாகவும் மெல்ல மாற்றலாம். ஜோடியின் அணிக்கோவை 1 ஆகவே இருப்பதால் தடை எதுவும் இல்லை. இப்போது முதல் வரியின் சுற்றைப் பக்கத்து எதிர்ச்சுற்றோடு சேர்த்து, இப்படியே ஜோடிகளை மாற்றிக் கட்டினால் எல்லாம் அவிழ்ந்துவிடுகிறது. 7 வரி அணியில் ஓட்டினேன். ஆறு வரிகள் அவிழ்ந்தன, சுற்று ஏழாவது வரியில் போய் நின்றது. 101 வரியில் ஓட்டினேன், 101-வது வரியில் நின்றது. கடைசி வரியே இல்லாத பேரேட்டில் அது நிற்க இடமில்லை. எல்லா ஜோடிகளும் ஒரே வேகத்தில் ஒன்றாகத் திரும்புவதால்தான் இது நார்மிலும் தொடர்ச்சியாக இருக்கிறது. பொதுவான கெடு என்று முன்பு சொன்னேனே, அது இங்கே கிடைத்துவிடுகிறது.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்தது. அடுத்த நாள் முதல் ஐஸ் பார் எண்ணுகிற வேலை விடியற்காலை 3 மணிக்கே தொடங்கிவிட்டது. நோட்டில் 41 பக்கம் மிச்சம். அதன் முதல் வரியில் அக்கா மகள் கொடுத்த அடுத்த கணக்கை எழுதி வைத்திருக்கிறேன்: 'தள்ளு'வுக்கு எந்த எதிர்வரிசைப் பேரேட்டைச் சேர்த்துக் கட்டினால் அது யூனிட்டரியாகும்? மேல்பக்கமும் முடிவில்லாமல் நீள்கிற ஒரு பேரேட்டை வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.