காயாத தாளும் நீல நிழலும்: வெளியே உட்கார்ந்து பனி வரைந்தது

குளிரில் வாட்டர்கலர் வரைய விரல் மரத்துப்போவதுதான் பெரிய பாடு என்று நினைத்திருந்தேன். விரலுக்குக் கையுறை இருக்கிறது. தாள் காயாமல் நிற்கிறதே, அதற்குத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. 0 டிகிரிக்குச் சற்று மேலேயே ஒரு வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்துப் பூசிய நிறம், காய யுகமாகிறது. ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று அடுக்கும் முறை இங்கே எடுபடாது. அதனால் வானத்தையும் தொலைவு மரங்களையும் ஈரத்தின் மேல் ஈரமாக ஒரே மூச்சில் போட்டுவிடுகிறேன். விளிம்பு கூராகத் தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு ஈரப்பகுதிகளுக்கு நடுவே நூலிழை அகலம் காய்ந்த தாளை விடுகிறேன். கிளையின் மேல்பக்கம் அப்படி விட்ட வெள்ளைக் கோடு, படிந்த பனியாகவே நிற்கிறது.

0-க்குக் கீழே போனால் தண்ணீரில் வோட்கா. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 7 டிகிரி வாக்கில்கூட உறையவில்லை. ஆனால் சாராயம் கலந்த நிறம் தாளில் சட்டென்று பரவி ஊறிவிடுகிறது. மெல்லிய கோடு இழுக்க ஆகாது. கட்டியாக வரும் கேக் நிறங்களும் குளிரில் லேசில் கரைவதில்லை. டியூபிலிருந்து அப்போதைக்கப்போது பிதுக்கிக்கொள்வதே மேல்.

வோட்கா கலக்காத நாளில் வேறொரு வேடிக்கை. வானத்துக்குப் போட்ட அல்ட்ராமரீன் நீலம் தாளிலேயே உறைந்தது. பனிப்படிகம் வளரும்போது நிறத்துகளை உள்ளே சேர்க்காமல் ஓரத்துக்குத் தள்ளுகிறது. வாஷ் முழுக்கப் பெரணி இலைபோலக் கிளைத்த கோடுகள், கோட்டோரம் அடர் நீலம். வலிய வரைந்தாலும் வராது! வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்ததும் பாதி உருகி வழிந்துவிட்டது. உறைந்த படத்தைச் சாய்க்காமல் படுக்கை வாட்டில் வைத்து, குளிரான இடத்திலேயே காயவிட்டால் ஓரளவு தங்குகிறது.

நிறத்தில் அதிக நேரம் பிடித்தது நிழல். வெயில் நாளில் பனிமேல் விழும் நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தான். அதனால் அது சாம்பல் அல்ல, நீலம். கோபால்ட் நீலத்தில் துளி ரோஸ் சேர்த்தால் பொருந்துகிறது. மேகமூட்டம் என்றால் அந்த நீலம் போய்விடும். அன்றைக்கு அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பலை நீர்க்கக் கரைத்து வானத்துக்குப் பூசுகிறேன். பனிக்கு வெறும் தாள். அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி நிறமான வெள்ளை கவாஷ் வைத்திருக்கிறேன், ஆனால் அதைத் தொட்டாலே பனி சுண்ணாம்பாகத் தெரிகிறது.

அப்புறம், கடுங்குளிரில் அடம்பிடிக்கத் தேவையில்லை. ராபர்ட் ஸ்காட்டின் அண்டார்க்டிக் பயணத்தில் இருந்த ஓவியர் எட்வர்ட் வில்சனே வெளியில் பென்சிலால் வரைந்து நிறங்களைக் குறித்துக்கொண்டு, குடிலுக்குத் திரும்பித்தான் வாட்டர்கலர் தீட்டினார். காற்று வீசும் நாளில் நானும் அதையே செய்கிறேன். நிழலின் நீலம் எவ்வளவு அடர்த்தி என்பதை மட்டும் அங்கேயே ஒரு துண்டுத் தாளில் தீட்டி எடுத்துக்கொள்கிறேன். எழுதி வைத்த குறிப்பை நம்பினால் வீட்டில் அது எப்போதும் ஒரு படி கூடிவிடுகிறது.