ஹெல்ஸ்டனில் ஐந்து அரைப் பைன்ட்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் உள்ள ஹெல்ஸ்டன் என்னும் சிற்றூரின் சரிவான தெருவொன்றில், கூரை வேய்ந்த கருங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. ப்ளூ ஆங்கர் என்பது அதன் பெயர். 15-ஆம் நூற்றாண்டில் துறவிகள் தங்கிச் செல்லும் இடமாக இருந்தது என்று ஊரார் சொல்லும் அந்தக் கட்டடத்தின் பின்புறத்தில் பியர் காய்ச்சுகிறார்கள். முன்புறத்தில் அதையே ஊற்றித் தருகிறார்கள். ஒருகாலத்தில் அந்நாடெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்த இத்தகைய ப்ரூபப்கள், 1970-களின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. அப்போதும் காய்ச்சுவதை நிறுத்தாத நான்கு இடங்களுள் இதுவும் ஒன்று என்பதாலேயே அங்கே போக வேண்டும் என்று பல நாள் விரும்பியிருந்தேன்.

இங்குள்ள பியர்களுக்குப் பொதுப்பெயர் ஸ்பிங்கோ. பனிபோல் குளிர்ந்து நுரை பொங்கும் லாகர் வகைப் பியருக்குப் பழகிய நாக்குக்கு, முதல் மிடறு சற்று ஏமாற்றமாகவே இருக்கும். வடிகட்டிச் சூடாக்கி வாயுவைச் செலுத்தாமல், உயிருள்ள ஈஸ்ட்டுடனேயே பீப்பாயில் அடைப்பதால், ஏல் என்னும் இவ்வகைப் பியர் அங்கேயும் மெதுவாக நொதித்துக்கொண்டிருக்கிறது. அந்த நொதித்தலில் பிறக்கும் மெல்லிய குமிழிகளே அதற்குப் போதும். நிலவறையின் குளிர்ச்சியிலேயே, அதாவது ஏறத்தாழ 12 பாகை செல்சியஸில் பருகுவதுதான் முறை. கடுங்குளிர் நாக்கை மரக்கச் செய்து மணத்தையும் அடக்கிவிடும் என்பதால், இதனைக் குறையென்று எண்ணாமல் பொறுமையாகப் பருக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நண்பரும் நானும் அரைப் பைன்ட், அதாவது 284 மி.லி. அளவில் ஒவ்வொன்றாக வாங்கிப் பகிர்ந்துகொண்டோம். வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதற்குச் செல்ல வேண்டும். வரிசை மாறினால் மென்மையானவை வெறும் நீராகத் தோன்றும். மே 8-ஆம் நாளையொட்டி ஊரே தெருவில் ஆடும் ஃப்ளோரா விழாவை நினைவூட்டும் ஃப்ளோரா டேஸ், 4 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது. வெளிர்நிறம், உலர்ந்த முடிவு. ஜூபிலி 4.5 விழுக்காடு, அதில் ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பு நார்த்தங்காய்த் தோலைக் கடித்தாற்போலத் தொடங்கித் தொண்டையில் தங்கியது. பென்ஸ் ஸ்டௌட் என்னும் கரும்பியர் நன்றாக இருந்தது. கருக வறுத்த மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின், காப்பிக் கசப்பு அதில் அளவோடு நின்றது.

ஆனால் நான் அதிக நேரம் செலவிட்டது 5 விழுக்காடு கொண்ட மிடில் என்னும் ஏலோடுதான். முதல் உலகப் போரிலிருந்து ஊர் இளைஞர்கள் திரும்பி வந்ததைக் கொண்டாடக் காய்ச்சப்பட்டது என்கிறார்கள். செம்பழுப்பு நிறம், முதலில் கருப்பட்டிப் பாகின் இனிப்பு, அதன் பின்னே ரொட்டி மேலோட்டின் வறுமணம், கடைசியில் மண்வாசம் கலந்த மெல்லிய கசப்பு. இவற்றுள் ஒன்றும் முந்திக்கொள்ளவில்லை. கசப்பைக் கூட்டிக்கொண்டே போவதுதான் திறமை என்று சில புதிய காய்ச்சுநர்கள் எண்ணும் இந்நாளில், இவ்வளவு அடக்கமான ஒரு பானத்தை ஊரார் தலைமுறைகளாகக் காத்துவருவது எனக்கு மிகுந்த மதிப்பை ஏற்படுத்தியது.

கடைசியாக ஸ்பெஷல், 6.6 விழுக்காடு. ஊற்றியவுடன் அதில் இனிப்பு மட்டுமே தெரிந்தது. இரண்டு மிடறோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேச்சுவாக்கில் கோப்பையைக் கையில் வைத்தபடியே கால்மணி நேரம் கழிந்தது. உள்ளங்கைச் சூட்டில் சற்று வெதுவெதுப்பான பிறகு மீண்டும் முகர்ந்தபோது, அதுவரை ஒளிந்திருந்த உலர்திராட்சை மணம் எழுந்து வந்தது. எஞ்சியிருந்ததை நண்பருக்குத் தர மனம் வரவில்லை.