பிடித்த படிப்பும் பிழைப்புக்கான படிப்பும்

உயர்கல்வியில் சேரவிருக்கும் மாணவர்களுக்குப் பாடத்தேர்வு குறித்து ஆலோசனை வழங்குவது என் பணி. பிடித்ததைப் படிப்பதா, வேலை தருவதைப் படிப்பதா என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தத் துறையில் இருப்பவரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைத்தான். விண்மீன்கள் மீது பெருங்காதல் கொண்ட ஒரு மாணவி, வானியலாளரின் நேரத்தில் பெரும்பகுதி கணினி நிரல் எழுதுவதிலும் தரவுகளைப் பகுத்தாய்வதிலும் போகிறது என்று அறிந்த பின்னும் முகம் வாடாமல் இருந்தால், அந்த விருப்பத்தை நான் தயக்கமின்றி நம்புவேன்.

விருப்பம் என்பது நமக்குள் முழு உருவில் காத்திருக்கிறது, அதைக் கண்டுகொண்டால் போதும் என்ற எண்ணமும் பலரைத் தடுமாற வைக்கிறது. பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகிய உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி நம்புகிறவர்களின் ஆர்வம், பொருள் கடினமாகும்போது மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. முதலாண்டுத் தேர்வு முடிந்ததும் துறையை மாற்றக் கேட்டு வருபவர்களிடம் நான் காண்பதும் இதையே.

வேலையை ஒரு பக்கமும் விருப்பத்தை மறுபக்கமும் வைத்துக்கொள்ளலாமே என்று பெற்றோர் கேட்பதுண்டு. முடியும். எழுத்தாளர் காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிக்கொண்டே இரவுகளில் எழுதினார். ஆனால் அலுவலகம் தம் எழுத்தை விழுங்குகிறது என்று நாட்குறிப்பில் அவர் மீண்டும் மீண்டும் வருந்தினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேதியியல் பேராசிரியராக இருந்த இசையமைப்பாளர் பொரோதின், பல ஆண்டுகள் உழைத்த இசைநாடகத்தை முடிக்காமலேயே 1887-இல் மறைந்தார். நண்பர்கள்தாம் அதை நிறைவு செய்தார்கள். இந்த இழப்பை மறைத்துவிட்டு, முதலில் வேலை, பிறகு விருப்பம் என்று இளையவர்களுக்கு அறிவுரை கூறுவது நேர்மையாகாது.

அதே நேரத்தில், குடும்பத்தின் கடன் முழுவதும் தன் முதல் சம்பளத்தை நம்பியிருக்கும் ஒருவரிடம் துணிந்து இறங்கு என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. சறுக்கினால் எத்தனை ஆண்டுகள் யார் தாங்குவார்கள் என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து வாய்விட்டுப் பேசும்படி வேண்டிக்கொள்கிறேன். வேலை தரும் படிப்பையே தேர்ந்தெடுப்பவர்களிடம், விரும்பிய கலைக்கென வாரத்தில் எந்த நேரத்தை ஒதுக்கப்போகிறார்கள் என்பதை அப்போதே முடிவுசெய்து வீட்டாருக்கும் தெரிவித்துவிடச் சொல்கிறேன்.