சித்தூர்ப்புழையில் புரட்டாசி: ஃப்ளை தூண்டிலோடு நாலு ஞாயிறு

ஆடியும் ஆவணியும் தூண்டில் கம்பை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காத்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னையையே வளைக்கும். ஃப்ளை தூண்டிலில் ஈயக்குண்டு கிடையாது. முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சிக்கு எடையும் இல்லை. பின்னால் இருக்கிற கனமான லைன்தான் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும். எதிர்காத்தில் வீசினால் லைன் பாதி வழியில் சுருண்டு காலடியில் விழும்.

புரட்டாசி பிறந்ததும் காத்து அடங்கியது. 9 அடிக் கம்பு, 4 வெயிட் (லைனின் கனத்தைச் சொல்லும் எண்) மிதவை லைன், நுனியில் மெல்லிய தூண்டில் நரம்பு. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மழுக்கிவிட்டேன், மீனை அதிகக் காயமில்லாமல் திரும்ப விடலாம்.

முதல் ஞாயிறு மூலத்தறைத் தடுப்பணைக்கு நல்ல தூரம் கீழே இறங்கினேன். ஒரு வாரமாக மழையே இல்லை, ஆனாலும் ஆறு ஒரு முழம் ஏறி, டீ நிறத்தில் ஓடியது. ஆழியாற்றுத் தண்ணீர் திறந்திருந்தார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நம் கேரளப் பக்கம் வர வேண்டும். இங்கே வானத்தை மட்டும் பார்த்துக் கிளம்பக் கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது முழங்கால் ஆழத்தில் நின்று கீழே பார்க்கிறேன். கால் விரல் தெரிந்தால் வீசுவேன், தெரியாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். நிற்கும்போதே தண்ணீர் ஏறினால் அந்த நொடியே கரை.

இரண்டாவது ஞாயிறு விரல் மங்கலாகத் தெரிந்தது. நடு ஆற்றிலேயே வீசிக்கொண்டிருந்தேன், ஒன்றும் தொடவில்லை. பக்கத்தில் தக்கை போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, கலங்கல் தண்ணியில மீனு நடுவுல நிக்காதுங்க. கோரை ஓரமாப் போடுங்க" என்றார். கரையிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டேன், உள்ளங்கை அகல ஜிலேபி மீன் இரண்டு வந்தன. ஃப்ளை பற்றி அவருக்குத் தெரியாது, ஆறு தெரியும். நான் படித்த எந்தக் குறிப்பையும் விட அந்த ஒரு வார்த்தை பெரிது.

மூன்றாவது வாரம் ஈசல் கட்டப் போய்விட்டது. ஒரு மழை விட்ட மறுநாள் சாயங்காலம் வீட்டு விளக்கைச் சுற்றி ஈசல் கொட்டியதைப் பார்த்ததும் ஆற்றிலும் இதுதானே விழும் என்று தோன்றியது. 14ஆம் நம்பர் முள்ளில் பழுப்பு நூலைச் சுற்றி உடம்பு செய்தேன். சிறகுக்குக் கண்ணாடிப் பாலிதீனை வெட்டி வைத்தேன். பார்க்க அச்சு அசல் ஈசல். வீசும்போது காத்தாடி மாதிரிச் சுழன்று நரம்பை முறுக்கிவிட்டது, பத்து வீச்சுக்குள் நரம்பு ஸ்பிரிங் ஆனது. பாலிதீனைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சேவலின் கழுத்து இறகு நுனி இரண்டை முதுகோடு படிய வைத்துக் கட்டினேன். புரட்டாசியில் கறிக்கடைப் பக்கம் கூட்டமில்லை, கடைக்காரர் நின்று நிதானமாக நல்ல இறகாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

நாலாவது ஞாயிறு அஞ்சரை மணி. மதியம் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. மருத மரத்தடி நிழலில் தண்ணீர்மேல் சின்னச் சின்ன வளையம். அசல் ஈசல் நாலைந்து சிறகை விரித்தபடி மிதந்து வந்தது, ஒவ்வொன்றாக மறைந்தது. வளையத்துக்கு ஒரு கஜம் மேலே போட்டுச் சும்மா மிதக்க விட்டேன். இழுக்கவில்லை. ஒரு 'சப்' சத்தம், நரம்பு விறைத்தது.

பரல் என்கிற சின்ன ஆற்று மீன். நாலு விரல் நீளம்தான். நனைந்த கையில் வெள்ளிக்காசு போல மின்னியது. வாலுக்கு முன்னால் மை தொட்டு வைத்தது போல நீண்ட கறுப்புப் பொட்டு, வாலின் இரு நுனியிலும் சிவப்பும் கறுப்பும். முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழை நீண்டிருந்தது, ஆண் மீன். முள் உதட்டோரம் மட்டும் பட்டிருந்தது. தண்ணீருக்குள் வைத்தே கழற்றினேன், ஒரு விநாடி விரலிடையில் நின்று பிறகு போனது.

இருட்டுவதற்குள் ஏழு பரல், எல்லாம் அதே ஒரு பூச்சிக்கு. ஏழாவதில் ஒரு சிறகு பிய்ந்துவிட்டது. துலாமழை (ஐப்பசி வாக்கில் வரும் வடகிழக்குப் பருவமழை) வந்து ஆற்றைக் கலக்குவதற்குள் இன்னும் ஆறு ஈசல் கட்டி வைக்க வேண்டும், இரண்டைக் கொஞ்சம் பெரிய முள்ளில். கோரை மறைவில் ஒரு விரால் இரண்டு முறை தலை தூக்கியதைப் பார்த்து வைத்திருக்கிறேன்.