நாற்பது நாள் கணக்கு

18 பிப்ரவரி 2026, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிய கையோடு நம் ஊரில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, இன்று என்ன சாப்பிடலாம் என்பதுதான். சட்டம் எளிது. 18 வயது முடிந்தவர்கள் 59 வயது நிறையும்வரை இன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருவேளைதான் முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக்கூடாது. 14 வயதானவர்களுக்கு இறைச்சி விலக்கு. இன்று தொடங்கும் தவக்காலம் பெரிய சனி வரை 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால் நாற்பது.

இந்தக் கணக்கில் நாம் தவறுவதில்லை. யாரிடம் எதை எடுத்தோம், எதைத் திருப்பித் தரவில்லை என்ற கணக்குதான் விட்டுப்போகிறது. பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னால், எடுத்த பணமும் அதோடு நமக்கே சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அப்படிச் சொல்லவில்லை. 1459-ஆம் எண்ணில் திருடியதைத் திருப்பிக் கொடுப்பது, கெடுத்த பெயரை மீட்டுக் கொடுப்பது என்று வெளிப்படையாகவே இருக்கிறது.

ஒரு தாள் எடுத்து நாலு கட்டம் போடலாம்: யாருக்கு, என்ன, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். ‘சில தவறுகள்’ என்று எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதுதான்.

20 பிப்ரவரி, வெள்ளி

தவக்கால வெள்ளியில் கறி விலக்கு என்றதும் துறைமுகத்துக்குப் போய் வஞ்சிரம் வாங்குவது கடலூர்க்காரர்களின் பழைய தந்திரம். சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஒறுத்தலில் மிச்சமாகும் காசு இல்லாதவர் கைக்குப் போக வேண்டும். கறியைவிட மீனுக்கு அதிகம் செலவானால் போவதற்கு என்ன இருக்கும்? கவளை மீன் குழம்பு போதும். மிச்சத்தை அன்றைக்கே தனியாக எடுத்து வைக்க வேண்டும். மாதக் கடைசியில் எடுத்து வைக்கலாம் என்று விட்டால் மிச்சமே இருக்காது.

25 பிப்ரவரி, புதன்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற, தோல் உரிக்கிற பெண்களுக்குப் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் கூலி. ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் விரல் வெந்துபோகும். அந்தக் கையால் உடைத்த பருப்பை நிறுக்கும் இடத்தில்தான் தவறு நடக்கிறது, அதுவும் சத்தமில்லாமல்.

கூடையின் எடை 1.2 கிலோ. கழிக்கும்போது 1.5 என்று கழிக்கிறார்கள். ஒரு நிறுவைக்கு 300 கிராம் போயிற்று. ஒரு பெண் நாளுக்கு நாலு முறை நிறுத்தால் 1.2 கிலோ, மாதம் 26 நாளுக்கு 31.2 கிலோ. முதலாளி திருடவில்லை, ‘எல்லா இடத்திலும் இப்படித்தான்’. இந்த வாக்கியத்தை நம்மவர்கள் விவிலியத்தைவிட அதிகமாக மேற்கோள் காட்டுகிறார்கள்.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். காலையில் காலிக் கூடையை எல்லார் கண்ணெதிரே நிறுத்து அதன் மேலேயே எடையைப் பெயிண்டால் எழுதுவது. நனைந்த கூடை கனக்கும் என்பதால் மழை நாளில் மறுபடி நிறுப்பது. தராசின் எண் தெரியும் பக்கத்தை வேலை செய்பவர் பார்க்கும்படி திருப்பி வைப்பது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறை முத்திரை வேண்டும். அந்தத் தேதியையும் பார்த்துக்கொள்வது.

கூலியை அன்றன்றே, பொழுது சாயும்முன் கொடு என்கிறது விவிலியத்தின் இணைச்சட்டம் 24. ‘சனிக்கிழமை மொத்தமாக’ என்பது இருவரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடென்றால் சரி. முதலாளியின் வசதிக்கு மட்டும் என்றால் அது கடன், வட்டியில்லாமல் ஏழையிடம் வாங்கிய கடன்.

28 பிப்ரவரி, சனி

முந்தைய கணக்கையே தொடர்கிறேன், ஏனென்றால் திருந்துவதோடு நின்றுவிடுகிறவர்களே அதிகம். இனிமேல் சரியாக நிறுப்பது நல்லது. இதுவரை குறைத்த 31.2 கிலோ?

லேவியர் 6 முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டச் சொல்கிறது. 37.44 கிலோவுக்கான கூலி வருகிறது. இயேசுவைச் சந்தித்த வரிதண்டுபவர் சக்கேயு நாலு மடங்கு என்றார். ஆட்டைத் திருடி விற்றவனுக்கு விடுதலைப் பயண நூல் விதித்த அளவு அது. தன்னை அந்தத் திருடனின் வரிசையில் நிறுத்திக்கொண்டுதான் பேசினார். நமக்கு ஐந்தில் ஒன்றே கடினமாக இருக்கிறது.

கொடுக்கும் முறையிலும் சறுக்கல் உண்டு. பொங்கல் போனஸ், பண்டிகைச் சேலை என்று பெயர் மாற்றிக் கொடுத்தால் வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார், கடன் அன்பளிப்பாகிவிடும். ‘இது உங்க காசும்மா, நிறுக்கையில குறைச்சுட்டோம்’ என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஆள் இறந்திருந்தால் பிள்ளைகளுக்கு. ஆளும் வாரிசும் தெரியவில்லை என்றால் மட்டுமே ஏழைகளுக்கு. திருவிழாவுக்குச் சீரியல் செட் போட்டுக் கொடுத்து இந்தக் கணக்கை முடிக்க முடியாது. அது மாதாவிடம் திருட்டுப் பொருளை ஒளித்து வைப்பது மாதிரி.

7 மார்ச், சனி

தண்டல். பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி 1,500 தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டு வட்டியாகப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஞாயிறு காலை வாசகம் வாசித்துவிட்டு மதியம் வசூலுக்குக் கிளம்புகிறவர் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கட்டும்.

அடகாக வாங்கிய போர்வையைச் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடு, அவன் வேறு எதைப் போர்த்திப் படுப்பான் என்கிறது விடுதலைப் பயணம் 22. இன்றைய போர்வை ரேஷன் கார்டும் ஏடிஎம் கார்டும். அவற்றை வைத்திருப்பவர்கள் இன்றே கொடுத்துவிடலாம். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

12 மார்ச், வியாழன்

தவறு செய்தவரைத் திருத்த மத்தேயு 18 சொல்லும் வரிசை: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில் சபையில். நம் அன்பியங்களில், அதாவது பங்கின் சிறு குழுக்களில், வரிசை தலைகீழ். முதலில் வாட்ஸ்அப் குழு, கடைசியில் சம்பந்தப்பட்டவர். பெயரைக் கெடுத்திருந்தால் மறுப்பும் அதே குழுவில்தான் வர வேண்டும். தனியாகப் போய்க் காலில் விழுந்தாலும் அந்த நாற்பது பேர் கேட்டது கேட்டதுதான்.

14 மார்ச், சனி

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் எழுதிவைத்த நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு செய்தி வருகிறது. அங்கிருந்த கத்தோலிக்க ஆலயமான சம்பா கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது, விலக்கி வைக்கப்பட்டவர்கள் திரண்டு போய்க் கேட்டார்கள், சுவர் இடிந்தது. எழுதியவர் கிறிஸ்தவர் அல்ல. வெளியாள் ஒருவர் நம் வீட்டுச் சங்கதியைக் குறித்து வைத்திருக்கிறார் என்பதே கொஞ்சம் உறைக்கிறது.

அந்தக் கோயிலும் இப்போது இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் நகரத்தை இடித்தபோது போயிற்று. இன்று நிற்பது 1791-இல் கட்டி முடித்தது. சுவர் மட்டும் சில ஊர்களில் கல்லறைக்குள் குடியேறிவிட்டது. தேர் எந்தத் தெரு வரை வரும், திருவிழா வரி யாரிடம் வாங்குவார்கள், பங்குப் பேரவையில் யார் பெயர், சவ வண்டி யாருக்குத் திறக்கும் என்று எழுதிப் பார்த்தால் உயரம் தெரியும். மரியாதையை எடுத்ததும் எடுத்ததுதான். பிப்ரவரி 18-ஆம் தேதி போட்ட கட்டத்தில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

24 மார்ச், செவ்வாய்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடை. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதில் வேலை செய்பவர்கள் வீட்டில் உலை வைக்க முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள், அடுத்த பருவம் முழுக்க அந்தப் படகோடு கட்டுண்டு கிடப்பார்கள். படகு வைத்திருக்கும் கிறிஸ்தவர் செய்யக்கூடியது: டீசல், ஐஸ், ஏலக் கமிஷன் கழித்ததற்கு ரசீதைப் படகில் பங்குக்கு வேலை செய்பவர்களிடம் காட்டுவது; முன்பணத்தை இரண்டு நோட்டில் எழுதி ஒன்றை அவர் கையில் கொடுப்பது; வேறு படகுக்குப் போக விரும்பினால் பாக்கியைத் தவணையில் வாங்கிக்கொண்டு விடுவது. தடைக்கு முந்தைய கடைசி வாரத்தில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் இரு பக்கமும் சண்டைதான். இந்த வாரமே உட்கார வேண்டும்.

2 ஏப்ரல், பெரிய வியாழன்

மாலைப் பூசையில் பாதம் கழுவும் சடங்கு. 2016 முதல் பெண்களும் உட்காரலாம். பன்னிரண்டு நாற்காலிக்கு வழக்கமாகப் பேரவை உறுப்பினர்களும் திருவிழா நன்கொடையாளர்களும்தான் வருவார்கள், வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு. முந்திரி உடைக்கிறவர், படகில் போகிறவர், கல்லறை வெட்டுகிறவர், கோயில் பெருக்குகிற அம்மா என்று பட்டியல் போட்டால் துண்டு கொஞ்சம் அழுக்காகும். பன்னிரண்டு தனித் துண்டு, வெதுவெதுப்பான தண்ணீர், தரையில் ஒரு சாக்கு. நனைந்த மொசைக்கில் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.